செவ்வாய்க்கிழமை வகுப்பின் வலைப்பந்து அணி

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் குணம் அங்கிளின் கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குத்தான் விழித்துக்கொள்ளும். கருவாடு, கறிவேப்பிலை, ஊதுபத்தி, எப்போதோ உடைந்த நல்லெண்ணெய்ப் போத்தல். அந்தச் சனிக்கிழமை முருங்கைக்காயும் வந்து இறங்கியிருந்தது. பெட்டியைச் சுற்றி நின்ற அன்ரிமார் ஒவ்வொரு காயையும் முறுக்கிப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். அம்மா என்னை முருங்கைக்காய் வாங்கத்தான் அனுப்பியிருந்தார். நான் போனது வேறு காரியத்துக்கு.

"அங்கிள், நெட்பாலுக்கு என்ர பேரையும் போடுங்கோ."

குணம் அங்கிள் கடைக்காரர் மட்டும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் கோடை விளையாட்டு விழாவுக்குச் செயலாளரும் அவர்தான். கடையின் கல்லாவே விழாவின் அலுவலகம். கையில் இருந்த வாடகை வீடியோ கசெட்டைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வயதிலேயே நான் அவரைவிட உயரம்.

"நல்லது பிள்ளை. எந்தப் பள்ளிக்கூடம்?"

எங்கள் வீதிக் கோடியில் இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள் நான்தான். அதையும் சேர்த்துச் சொன்னேன்.

முருங்கைக்காய்ப் பெட்டியைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது.

"அது நீ படிக்கிற பள்ளிக்கூடம்," என்றார் குணம் அங்கிள், பொறுமையாக. "நான் கேக்கிறது உன்ர பள்ளிக்கூடம்."

பிறந்ததும் ஒரு பள்ளிக்கூடம்

லண்டனுக்கு வெளியே இருந்து இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் இங்கே வந்து வீடு எடுத்தார்கள், கடை போட்டார்கள், லூயிஷாமில் கோயில் கட்டினார்கள். இடையில் மூச்சு விட நேரம் கிடைத்தபோதெல்லாம் பழைய மாணவர் சங்கம் தொடங்கினார்கள். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ அந்தப் பெயரில். குளிர்காலத்தில் இராப்போசனம், வசந்தத்தில் கலைவிழா, கோடையில் விளையாட்டு. பள்ளிக்கூடங்களின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதினால் மற்றவர்கள் பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

விளையாட்டு விழாவில் விளையாடுவது பிள்ளைகள். குரோய்டனில் பிறந்து, ஊரைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காத பிள்ளைகள், அம்மா படித்த பள்ளிக்கூடத்துக்காக வலைப்பந்தும் அப்பா படித்த பள்ளிக்கூடத்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடுவார்கள். அம்மாவும் அப்பாவும் எதிரெதிர்ப் பள்ளிக்கூடமாக இருந்தால் விழாவுக்கு முந்திய கிழமை அந்த வீட்டில் ஒழுங்கான சமையல் நடக்காது.

எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. அப்பா பால்பல் விழுகிற வயதிலேயே மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். அம்மா தம்பிமாரைத் தூக்கி வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு அவர் போனது தம்பிமாரைக் கொண்டுபோய் விடத்தான். எங்கள் வீட்டு மூன்று பேரில் வகுப்பில் போய் இருந்து, புத்தகம் திறந்து, சோதனை எழுதிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் வெட்கம் இருந்ததில்லை. பெருமைதான்.

அம்மாவுக்கு அப்படியில்லை. கல்யாண வீட்டிலோ பிறந்தநாள் விழாவிலோ புதிதாக ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தால், ஊர் எது என்ற கேள்விக்கு அடுத்தது பள்ளிக்கூடம் எது என்பதுதான். அந்தக் கேள்வி வருகிற வழியில் இருக்கும்போதே அம்மாவுக்குத் தாகம் எடுத்துவிடும். "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழும்பினால், சாப்பாடு முடிந்து கை கழுவும் வரைக்கும் திரும்பி வரமாட்டார். அவர் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்டும் நான் பார்த்ததில்லை.

காணாமற்போன கடல்

சங்கங்கள் கோடையில் கோச் பஸ் பிடித்துக் கடற்கரைக்கும் போவதுண்டு. எங்களுக்குச் சங்கம் இல்லை, ஆகவே கோச்சும் இல்லை. ஒருமுறை மூன்று பேரும் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு ரயிலில் சவுத்எண்டுக்குப் போனோம்.

போய் இறங்கியபோது கடல் உள்வாங்கியிருந்த வற்று நேரம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இஞ்சேர், கடலை ஆரோ எடுத்துக்கொண்டு போட்டாங்கள்," என்றார் அம்மாவிடம்.

"உங்களைக் கண்டிட்டுத்தான் ஓடியிருக்கும். திரும்பவும் வலையோட வந்திட்டார் எண்டு."

சங்கத்து கோச்சில் வந்த பிள்ளைகள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் புட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். என்னைவிட நன்றாக ஒருத்தியும் பந்து பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்த விழாவில் ஆடியே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்தது என்று நினைக்கிறேன்.

தங்கச்சியின் மகள்

கடையில் நடந்த கதை எங்கள் ஃபிளாட்டுக்கு என்னைவிட வேகமாக வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த நாளே ராஜி அன்ரி வந்தார். ஊரின் பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் சங்கத்தில் வலைப்பந்துக்குப் பொறுப்பு அவர்தான். நல்ல மனிசி, வந்தால் சும்மா வரமாட்டார். அன்றைக்குக் கையில் ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸ்.

"பூமணி அக்கா, எங்கட ரீமில கோல் போடுற பிள்ளை கையை முறிச்சுப்போட்டாள். உங்கட சுகந்தி நல்லா விளையாடுறாளாம். அவளைத் தாங்கோவன்."

நான் கதவு இடுக்கில் நின்று கேட்டேன். என் இதயம் ரோல்ஸ் பெட்டிக்கு மேலே குதித்தது.

"அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லையே," என்றார் அம்மா.

"அது ஒரு பிரச்சினையே? என்ர தங்கச்சியின்ர மகள் எண்டு சொல்லுவம். ஒருநாள் கூத்து. ஆருக்குத் தெரியப்போகுது?"

அம்மா தேத்தண்ணியை ஆற்றி அவர் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ர பிள்ளை என்ர பிள்ளையாகவே விளையாடட்டும், ராஜி. இல்லாட்டி விளையாட வேண்டாம்."

ராஜி அன்ரி போன பிறகு நான் ஆடிய ஆட்டம் எந்த மைதானத்திலும் ஆடாதது. ஒருநாள், ஒரே ஒரு நாள், யாருடைய மகளாக ஆடினால் என்ன? கோல் கோல்தானே? அம்மா ரோல்ஸைச் சூடாக்கினார். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு சொன்னார்:

"கொம்மா முடிவெடுத்தா எடுத்ததுதான். நான் கடலோடயும் கதைச்சுப் பாத்திருக்கிறன், இவவோடயும் கதைச்சுப் பாத்திருக்கிறன். கடல் பரவாயில்லை."

நூலகத்துக்கு மேலே

இங்கே நான் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்றேன். இரண்டாவது ஆள் அம்மா. எனக்குப் பிறகுதான் போனார்.

அதற்குக் காரணமும் நான்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் மாலைகளில் ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். வருகிற வழியில் குறைகள் எல்லாம் எங்கேயோ விழுந்துவிடும், பாராட்டு மட்டும் பத்திரமாக வந்து சேரும். ஒருமுறை கணித ஆசிரியர் முகத்தைச் சுழித்து, மேசையில் தட்டி, நீளமாக ஏதோ சொன்னார். "சுகந்தி நல்ல பிள்ளையாம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு எங்கள் பகுதி நூலகத்துக்கு மேலே ஓர் அறையில். கவுன்சில் நடத்தியது, பெண்களுக்கு மட்டும். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். படி ஏறும்போதே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் சத்தம் கேட்கும். மிஸிஸ் பார்க்கர் என்ற ஆசிரியை, கேத்தல் கொதித்து, எல்லோரும் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் "தேநீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் பாடம் தொடங்குவார். சோமாலிய அம்மா ஒருவர், துருக்கிக்காரி ஒருவர், ஒரு குஜராத்தி, ஒரு வியட்நாம்காரி, நான்கைந்து தமிழ்ப் பெண்கள். எல்லோரும் சத்தமாக, எல்லோரும் பிழையாக, எல்லோரும் சந்தோசமாக.

தேநீருக்குப் பிறகு கிழமை நாட்களை ஒரு பாட்டாக இழுத்துச் சொல்வார்கள். டியூஸ்டே வரும் இடத்தில் மட்டும் மேசையில் அடித்து ஒரே கூச்சல். அது அவர்களுடைய நாள். கீழே நூலகத்தில் பேப்பர் படிக்கும் கிழவர்கள் கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வீட்டில் அம்மா மெதுவாகக் கதைப்பவர். அந்த அறையில் அவருக்கு வேறொரு குரல் இருந்தது.

அரிசி மூட்டைக் கூட்டம்

ராஜி அன்ரி வந்துபோன அடுத்த சனிக்கிழமை, அம்மா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டார். "வா, கடைக்குப் போவம்," என்றார். பையை எடுக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

விழாக் குழு கடையின் பின்பக்கத்தில் கூடியிருந்தது. கூட்டம் என்றால் நான்கைந்து பேர் அரிசி மூட்டைகளின் மேல் குந்தியிருந்து பால் விடாத பிளேன்ரீ குடிப்பது. ராஜி அன்ரியும் இருந்தார். அம்மா நேரே குணம் அங்கிளிடம் போனார்.

"அண்ணை, நெட்பாலுக்கு ஒரு பள்ளிக்கூடம் பதியோணும்."

"எந்தப் பள்ளிக்கூடம், பூமணி அக்கா?"

அம்மாவுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று கடையில் எல்லோருக்கும் நினைப்பு. ஒருவர் முருங்கைக்காயைப் பார்த்தார், ஒருவர் தன் கோப்பையைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"லைப்ரரிக்கு மேல இருக்கிற செவ்வாய்க்கிழமை வகுப்பு," என்றார் அம்மா.

குணம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, இது ஊர்ப் பள்ளிக்கூடங்களின்ர விழா."

"விழா எங்கை நடக்குது?"

"இஞ்சைதான். குரோய்டன் பார்க்கில."

"அப்ப இஞ்சத்தைப் பள்ளிக்கூடம் ஒண்டும் வரட்டுமன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குணம் அங்கிள் விடவில்லை. "பழைய மாணவரின்ர பிள்ளையள்தான் விளையாடலாம். நீங்கள் இன்னும் படிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறியள்?"

"முதலாம் வகுப்பு போன வருசம் முடிச்சிட்டன். இப்ப ரெண்டாம் வகுப்பு. முதலாம் வகுப்புக்கு நான் பழைய மாணவிதானே, அண்ணை?"

குணம் அங்கிள் பிளேன்ரீயைக் குடித்தார்.

இப்போது ராஜி அன்ரி எழும்பினார். "சரி அக்கா, ரீமுக்கு ஏழு பேர் வேணுமே. எல்லாரும் தமிழ்ப் பிள்ளையளோ?"

"ரெண்டு பேர் தமிழ். சோமாலியாப் பிள்ளை ஒண்டு, துருக்கி ஒண்டு, குஜராத்தி ரெண்டு, வியட்நாம் ஒண்டு. எல்லாம் எங்கட வகுப்புப் பிள்ளையள்."

"அதென்னெண்டு அக்கா? இது தமிழாக்களின்ர விழாவெல்லோ?"

"ராஜி," என்றார் குணம் அங்கிள் மெதுவாக. "போன வருசம் உங்கட கிரிக்கெட் ரீமில வேகப்பந்து போட்டது ஆர்?"

"அது... மருமோன்."

"மருமோன் எந்த ஊர்?"

"ஜமேக்கா," என்றார் ராஜி அன்ரி. உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆனால் நல்ல பிள்ளை. இடியப்பமெல்லாம் சாப்பிடுவார்," என்றார்.

அரிசி மூட்டைகள் குலுங்கின. அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் ராஜி அன்ரியே சொன்னார்: "சரி, பதியுங்கோ அண்ணை. நாங்கள் எப்பிடியும் வெல்லத்தானே போறம்."

"ஒரு கொண்டிசன்," என்றார் குணம் அங்கிள். "கொடி கொண்டரோணும். கொடியில்லாமல் அணிவகுப்பில விடமாட்டம்."

கேத்தல் கொடி

விழா நாள் காலையில் வானம் சாம்பல் நிறம். பத்து மணிக்கெல்லாம் பார்க் முழுக்கக் கூடாரங்கள், கொத்துரொட்டித் தகரத்தின் தாளம், ஐஸ்கிரீம் வானுக்கு முன்னால் நீண்ட வரிசை. ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர்மார் கோட்டும் ஓட்டச் சப்பாத்துமாக நின்றார்கள்.

அணிவகுப்பு தொடங்கியது. சிங்கம் போட்ட கொடி போனது. குத்துவிளக்கு போட்டது போனது. திறந்த புத்தகமும் உதிக்கும் சூரியனும் போயின. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் எவ்வளவு பழமையானது, எத்தனை பெரியவர்களைத் தந்தது என்று குணம் அங்கிள் ஒலிபெருக்கியில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் நாங்கள். நீலத் திரைச்சீலைத் துணியில் ஒரு வெள்ளைக் கேத்தல், மூக்கிலிருந்து மூன்று கோடு ஆவி. வெட்டித் தைத்தது அம்மா, வரைந்தது என் தோழி ஹோடனின் அம்மா. அவர்தான் வகுப்பின் சோமாலிய அம்மா. தலையில் பச்சை முக்காட்டோடு ஹோடன் கொடியைப் பிடித்து, ராணி மாதிரி நடந்தாள்.

ஒலிபெருக்கி கொஞ்சம் தடுமாறியது.

"அடுத்து... செவ்வாய்க்கிழமை வகுப்பு. தொடங்கி... கொஞ்சக் காலம்தான். நல்ல தேத்தண்ணி குடுப்பினமாம்."

மைதானம் சிரித்தது. எனக்குக் காது சூடாகியது. பின்னால் நடந்துவந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். மிஸிஸ் பார்க்கரும் சேலை கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

முதல் ஆட்டத்தில் நன்றாக அடி வாங்கினோம். வியட்நாம் பிள்ளை அதற்கு முன் வலைப்பந்தே ஆடியதில்லை, பந்தைப் பிடித்தால் ஓடக்கூடாது என்று தெரியாமல் ஓடினாள். இரண்டாவதிலும் தோற்றோம், ஆனால் கௌரவமாக. கடைசி இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டம்தான் மிச்சம். எதிரணி யார் என்றால், கோல் போட ஆள் இல்லாமல் காலையிலிருந்து தோற்றுக்கொண்டிருந்த ராஜி அன்ரியின் பெரிய பள்ளிக்கூடம்.

கடைசி இடத்துக்கு இப்படி ஒரு போட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "பிடி, பிடி!" என்று தமிழிலும் துருக்கியிலும் குஜராத்தியிலும் கத்தல். மற்ற மைதானங்களில் இருந்தவர்கள்கூட வந்து கோட்டோரம் நின்றார்கள். சமநிலையில் இருந்தபோது ஹோடன் காற்றில் எழும்பி எதிரணியின் பந்தைப் பறித்தாள். பந்து குஜராத்திப் பிள்ளை ஒருத்தியின் கைமாறி என்னிடம் வந்தது. நான் வளையத்தைப் பார்த்தேன். கோட்டோரத்திலிருந்து ஒரு குரல், ஆங்கிலத்தில், அம்மாவின் அந்த நூலக அறைக் குரல்: "ஸ்லோலி, சுகந்தி! ஸ்லோலி!" மிஸிஸ் பார்க்கர் அம்மாவிடம் ஒவ்வொரு செவ்வாயும் சொல்கிற சொல் அது.

மெதுவாகவே போட்டேன். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. சிறிது நேரத்தில் விசிலும் ஊதினார்கள்.

பள்ளிக் கீதம்

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆட்டத்தில் வென்றாலும், வென்ற பக்கம் நடுவில் கூடி ஒலிபெருக்கியில் தன் பள்ளிக் கீதத்தைப் பாட வேண்டும். பாடும்போது எல்லோரும் எழும்பி நிற்பார்கள், எதிரணியும்தான்.

குணம் அங்கிள் மைக்கை நீட்டினார். எங்கள் அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதை ஒருவரும் யோசிக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை தோற்றவர்கள் எதற்குப் பாட்டைப் பற்றி யோசிக்கிறார்கள்?

அம்மா மைக்கை வாங்கினார். ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"மண்டே..." என்று இழுத்தார்.

அடுத்த நொடியில் எல்லா அம்மாமாரும் சேர்ந்து, கை தட்டி, மைதானம் அதிர: "டியூஸ்டே!"

வெட்னஸ்டேக்கு வருவதற்குள் கோட்டோரத்துச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது தடவை டியூஸ்டே வந்தபோது கொத்துரொட்டிக்காரரும் தகரத்தில் ஒரு போடு போட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட மாஸ்டர்மார் எல்லோரும் எழும்பி, கைகளைப் பக்கத்தில் ஒட்டி, நேராக நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக் கீதம் என்றால் பள்ளிக் கீதம். சண்டே முடியும் வரைக்கும் ஒருவரும் உட்காரவில்லை. ராஜி அன்ரியும் நின்றார். கை தட்டியதாகவும் எனக்கு ஒரு ஞாபகம், அவர் இன்றுவரை மறுக்கிறார்.

பின்னேரம் வெயில் வந்தது. பரிசளிப்புக்குக் காத்துக்கொண்டு மரத்தடியில் பாய் விரித்து இருந்தோம். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து வந்த ஒரு பெண், கையில் பிள்ளையோடு, நிழல் தேடி எங்கள் பாய்க்கு வந்தார். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். ஊர் எது என்று அவர் கேட்டார். அம்மா சொன்னார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?"

பழக்க தோசத்தில் நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன். அது அம்மாவின் காலடியில், பாதி நிறைந்தபடி கிடந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. எழும்பவும் இல்லை.

"லைப்ரரிக்கு மேல," என்றார். "செவ்வாய்க்கிழமை வகுப்பு."

பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் நன்றாகத் திரும்பி இருந்துகொண்டு கேட்டார்:

"நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?"